சாமி பாட்டு பென் டிரைவ்

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்றால் அதில் சொருகியிருப்பதை எல்லாம் முதலில் பிடுங்கிவிடுங்கள். பிரிண்டர், பென் டிரைவ், விரல் வைக்கிற கருவி, யாரோ சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் போன போன், எல்லாவற்றையும். அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். கிளம்பினால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சொருகி, அணைத்துப் போட்டுப் பாருங்கள். எதைச் சொருகியதும் மறுபடி படுத்துக்கொள்கிறதோ அதுதான் குற்றவாளி. இவ்வளவுதான் சங்கதி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. கண்டுபிடித்து என்ன கிழித்தாய் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில் பில் போடும் வேலையில் இருந்தேன். எனக்கு ஊர் ராசிபுரம் பக்கம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் முட்டை லாரி கிளம்புவதற்குள் போய்ச் சேர முடியும். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தீவனக் குடோனை ஒட்டிய ஓர் அறை. முதலாளிக்கு ஒரு சுழல்நாற்காலி, கம்ப்யூட்டருக்கு ஒரு மேசை, சுவரில் சாமிப் படங்களுக்கு ஒரு பலகை. கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கோழி எச்சத்தின் வாடை உள்ளே வந்துவிடும். ஆனாலும் எதிரே கொட்டாயில் நின்றுகொண்டு முட்டையை அட்டையில் அடுக்குகிற பெண்களுக்கு அந்த அறை வேறு ஒரு தேசம். எனக்கும் அப்படித்தான். அம்மா அடுத்தவர் காட்டில் களை வெட்டினாள். அப்பா சவ்வரிசி மில்லில் கிழங்கு சுமந்தார். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்த நாற்காலியில் ஸ்பாஞ்சு பிய்ந்து போயிருந்தது. நானே ஒரு துண்டை மடித்துப் போட்டு வைத்திருந்தேன்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அதிலிருந்து வரும் முதல் சத்தம் சாமி பாட்டாக இருக்க வேண்டும். ஒரு பாட்டாவது முழுசாக ஓடி முடிந்த பிறகுதான் முதல் பில். லாரிக்காரன் வெளியே ஹாரன் அடித்துக் கத்தினாலும் சரி, மாற்றம் கிடையாது. பாட்டெல்லாம் ஒரு பென் டிரைவில் இருந்தன. ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்து, படங்களுக்கு முன்னால் விபூதித் தட்டின் பக்கத்தில் வைத்திருந்தார்கள். தினமும் முதலில் வருகிறவள் நான். கூட்டுவேன், விளக்கேற்றுவேன், மிஷினைப் போடுவேன். அங்கே கம்ப்யூட்டரை எல்லோரும் மிஷின் என்றுதான் சொல்வார்கள். திரை வந்ததும் பென் டிரைவை எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சொருகுவேன். பாட்டு ஓடும்போது வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்தமான நேரமாக இருந்தது.

பிறகு என் வீட்டுக்காரர் இறந்துபோனார். போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே போயிருந்தார். இரும்பு ராடைத் தூக்கும்போது மேலே கரண்டுக் கம்பி போனதை யாரும் பார்க்கவில்லை. அந்த ஊரின் பெயர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

காரியமெல்லாம் முடிந்து, கொஞ்ச நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதலாளியின் மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீடு தேடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதவர். அரிசி மூட்டை இறக்கிவிட்டுப் போனவர். நான் திரும்பி வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அம்மிணி, நீ இனிமே சாமி படத்துக்கிட்டப் போயிச் செரமப்பட்டுக்காத சாமி. வெளக்கு, பாட்டு எல்லாம் அந்தப் புள்ள பாத்துக்கும். சாயங்காலமே பாட்டை மிஷின்ல சொருகி வெச்சுப்போட்டுப் போகச் சொல்லியிருக்கறேன். நீ காலைல வந்து சுச்சைப் போட்டுப் பாட்டை ஓட உட்டீன்னாப் போதும். அதயத் தொடோணும்னுகூட இல்ல."

கை நீட்டினால் எட்டுகிற பலகை. அதில் எனக்கு என்ன சிரமம் என்று நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்குக் கேட்க வேண்டும்? தாலியறுத்தவள் சாமி சாமானைத் தொடக் கூடாது என்பதை அக்கா எவ்வளவு இனிப்பாகச் சொல்லிவிட்டார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். "சரிங்க்கா" என்றேன்.

அந்தப் புள்ள என்பது ஆபீசில் தீவனக் கணக்குப் பார்க்கிற பெண். முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். புதிதாகக் கல்யாணமானவள், தலை நிறையப் பூவோடு வருவாள், என்னைவிடத் தாமதமாக வருவாள். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அக்கா சொன்னபடி அன்று சாயங்காலம் பென் டிரைவைச் சொருகிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. மேல் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டேன். அதே கோடு. வயரைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டுப் போட்டேன். அதே கோடு. வெளியே லாரி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. அந்தப் புள்ள வந்தாள், சாமி கும்பிட்டாள், சுவிட்சைப் போட்டாள். மிஷின் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. நான் போட்டால் வெள்ளைக் கோடு. அவள் வந்து போட்டால் சாமி பாட்டு.

சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் எல்லா வயரையும் கழற்றி, பெட்டியை மட்டும் தன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஒரு தடவைகூட அது நிற்கவில்லையாம். திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எங்க கடையில ஜம்முன்னு ஓடுதுங்க்கா. மிஷின்ல ஒரு பழுதும் இல்லீங்க. போடற கையிலதான் ஏதோ இருக்குதுங்க" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

அன்றையிலிருந்து அந்த அறையில் கைராசி என்ற வார்த்தை புழங்க ஆரம்பித்தது. என் எதிரில் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பும்போது பேச்சு சட்டென்று நிற்கும். அந்தப் புள்ளையைச் சீக்கிரம் வரச் சொன்னார்கள். நான் முதல் பஸ்ஸில் வந்து, அவள் வரும்வரை மிஷினைத் தொடாமல் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளும் பாவம், வீட்டில் புருஷனுக்குச் சமைத்து வைத்துவிட்டு ஓடி வருவாள். சில நாள் நேரமாகிவிடும். அப்போது வேறு வழியில்லாமல் நான் போட்டுப் பார்ப்பேன். கோடு சிமிட்டும். லாரி நிற்கும்.

முதலாளி ஒரு நாள் கூப்பிட்டார். நேராக முகத்தைப் பார்க்காமல் மேசை மேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டே பேசினார்.

"லோடு லேட்டாவுது அம்மிணி. கேரளாக்காரன் போன்ல கண்டபடி பேசறான். இந்த மாசம் பாப்போம். இதே மாதிரி இருந்துச்சுன்னா நீ கொட்டாய்க்குப் போயிரு. அங்கயும் ஆளு வேணும். சம்பளத்துல ஒண்ணும் கொறைக்க மாட்டேன்."

"மிஷின் கெளம்பாததுக்கு நான் என்னுங்க பண்ணுவேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலை. யாரு உன்னைக் குத்தஞ் சொன்னா?"

யாரும் குற்றம் சொல்லவில்லைதான். கண்ணீர் விட்டவர்கள், அரிசி கொடுத்தவர்கள், சம்பளத்தைக் குறைக்காதவர்கள். இப்படிப்பட்டவர்களிடம் சண்டை போட வாய் வராது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. நானே நம்பத் தொடங்கினேன். வீட்டில் பால் திரிந்தால் என் கையைப் பார்த்துக்கொள்வேன். காஸ் அடுப்பு ஒரே சொடுக்கில் பற்றவில்லை என்றால் கையைப் பார்த்துக்கொள்வேன். கம்ப்யூட்டர் படித்தவள், சர்ட்டிபிகேட் வைத்திருப்பவள், கரண்டில் ஓடும் ஒரு பெட்டிக்குத் தன் தலையெழுத்து தெரிந்திருக்குமோ என்று யோசித்தாள். இன்றைக்கு நினைத்தாலும் அவர்கள் மேல் வருகிற ஆத்திரத்தைவிட இதற்குத்தான் அதிகம் வருகிறது.

தம்மம்பட்டிப் பக்கம் அக்காவின் தம்பி வீடு கட்டியிருந்தார். பால் காய்ச்சும் விசேஷத்துக்குப் பாட்டுப் போட வேண்டும் என்று அந்தப் பென் டிரைவை அக்கா கையோடு எடுத்துப் போனார். மறுநாள் அந்தப் புள்ளையும் விசேஷத்துக்குப் போயிருந்தாள். நான்தான் மிஷினைப் போட வேண்டியிருந்தது. பயந்துகொண்டே போட்டேன். கிளம்பிவிட்டது. திரையில் அந்தப் பச்சைப் புல்வெளிப் படம் வந்ததும் நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாட்டு இல்லாமலே பில் போட்டேன். அன்று லாரிகள் நேரத்துக்குப் போயின.

அக்கா திரும்பி வந்தார். பென் டிரைவும் வந்தது. சாயங்காலம் அதைச் சொருகினார்கள். காலையில் மறுபடி வெள்ளைக் கோடு.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. மூளை வேலை செய்தது. நேற்று கிளம்பியது, இன்று கிளம்பவில்லை. கை அதே கைதான். நேற்று இல்லாத ஏதோ ஒன்று இன்று இருக்கிறது. அப்போதுதான் அந்தப் புள்ள காலையில் வந்ததும் என்ன செய்கிறாள் என்பதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வந்ததும் பென் டிரைவை மிஷினிலிருந்து உருவுவாள். படத்துக்கு முன்னால் வைத்து, சூடம் காட்டிக் கும்பிடுவாள். அப்புறம் சுவிட்சைப் போடுவாள். திரை வந்த பிறகுதான் திரும்பச் சொருகுவாள். நான் ஒரு காலத்தில் செய்ததும் அதுவேதான்.

இருந்தும் உடனே அதில் கை வைக்கவில்லை. பழக்கம் விடுமா? முதலில் பிரிண்டர் வயரைப் பிடுங்கிவிட்டுப் போட்டேன். கோடு. விரல் வைக்கிற கருவியைப் பிடுங்கினேன். கோடு. மவுஸையும் கீபோர்டையும்கூடப் பிடுங்கிப் பார்த்தேன். கோடு. அது ஒன்றுதான் பாக்கி, பெட்டியின் முன்பக்கத்தில், காய்ந்த சந்தனத்தோடு. வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. இரண்டு விரலால் பிடித்து உருவினேன். சுவிட்சைப் போட்டேன்.

கிளம்பியது.

திரும்பச் சொருகி அணைத்துப் போட்டேன். நின்றது. உருவிப் போட்டேன். கிளம்பியது. பைத்தியக்காரி மாதிரி திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். என்னைச் சாமி சாமானைத் தொடாமல் வைத்திருக்க அவர்கள் செய்த ஏற்பாடுதான் மிஷினை நிறுத்தியிருக்கிறது. தொட்டதால் வந்த வினை இல்லை, தொடவிடாததால் வந்த வினை. அந்த அறையில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். கேட்டதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "அடடா, ஆமாங்க்கா. முன்ன ஒருக்கா சாஃப்ட்வேர் ஏத்தறப்ப மொதல்ல பென் டிரைவைப் பாக்கற மாதிரி வெச்சேன். மாத்தாம வந்துட்டனாட்டம் இருக்குது" என்றார். மிஷின் முழித்ததும் தன்னைக் கிளப்புகிற சரக்கு பென் டிரைவில் இருக்கிறதா என்று முதலில் அங்கே போய்த் தேடுகிறது, அங்கே பாட்டு மட்டும் இருப்பதால் அப்படியே திகைத்து நின்றுவிடுகிறது என்று விளக்கினார். எந்த பட்டனை அமுக்கி எந்த வரியை மேலே ஏற்ற வேண்டும் என்று அவர் போனில் சொல்லச் சொல்ல, நானே மாற்றினேன். அதன் பிறகு பென் டிரைவ் இருந்தாலும் கிளம்பியது, இல்லாவிட்டாலும் கிளம்பியது.

முதலாளியும் அக்காவும் வந்ததும் செய்து காட்டினேன். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி படபடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். "இதை உருவிப்போட்டுச் சுச்சைப் போட்டாக் கெளம்புச்சுங்க. இப்ப சொருகியிருந்தாலும் கெளம்பற மாதிரி மாத்திட்டேனுங்க. பாருங்க."

திரை வந்தது. அக்கா திரையைப் பார்க்கவில்லை.

"அதயத் தொட்டயா?" என்றார்.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் பேனாவைத் தேடினார்.

அக்கா பென் டிரைவை ஒரு தாளில் பிடித்து உருவி எடுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஒரு டம்ளரில் மஞ்சளைக் கரைத்து, அதன் மேல் நன்றாகத் தெளித்தார். போதாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு முக்கு முக்கியும் எடுத்தார். முந்தானையில் துடைத்து, படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, ஈரம் காயாமலே அந்தப் புள்ளையிடம் கொடுத்துச் சொருகச் சொன்னார். அதோடு அது செத்தது. எந்த மிஷினில் சொருகினாலும் அதற்கப்புறம் பேச்சு மூச்சில்லை.

"பாத்தீங்களா" என்று முதலாளியிடம் மெதுவாகச் சொன்னார் அக்கா. "இத்தன நாளு ஓடுனது. அவ கை பட்டதும் போச்சு."

அடுத்த வாரமே நான் கொட்டாய்க்குப் போனேன். துண்டை மட்டும் நாற்காலியிலிருந்து எடுத்துக்கொண்டேன். கோளாறுதான் தெரிந்துவிட்டதே என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "தெரிஞ்சுபோச்சு, இல்லைன்னு சொல்லலை. எதுக்கும் இருக்கட்டுமே அம்மிணி" என்றார். எங்கள் பக்கத்தில் இந்த 'எதுக்கும் இருக்கட்டும்' என்பதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கொட்டாயில் கூண்டு வரிசையிலிருந்து வருகிற முட்டையை விரிசல் பார்த்து அட்டையில் அடுக்க வேண்டும். உடைந்ததைத் தனியாக வைக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை முட்டை என் கை வழியாகத்தான் போகிறது. கேரளாவில் யார் யாரோ அதைத் தின்கிறார்கள். எங்கள் முதலாளி வீட்டுக்கும் இந்த அட்டையிலிருந்துதான் போகிறது. அதற்கு யாரும் மஞ்சத்தண்ணி தெளித்து நான் பார்க்கவில்லை.

போன மாசம் மிஷின் மறுபடி நின்றது. முந்தின நாள்தான் சர்வீஸ்காரர் வந்து சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலை அந்தப் புள்ள சுவிட்சைப் போட்டிருக்கிறாள். வெள்ளைக் கோடு. அணைத்துப் போட்டிருக்கிறாள். வெள்ளைக் கோடு. அக்கா வந்து விளக்கேற்றிப் பார்த்திருக்கிறார். முதலாளி போட்டுப் பார்த்திருக்கிறார். "மிஷின் பழசாயிருச்சு, மாத்தோணும்" என்று அக்கா சொல்வது கொட்டாய் வரைக்கும் கேட்டது. அந்தப் புள்ளையின் கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

லாரி ஹாரன் அடிக்க ஆரம்பித்ததும் முதலாளி கொட்டாய்க்கு வந்தார்.

"அம்மிணி, ஒரெட்டு வந்து என்னன்னு பாரு."

போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஆபீஸ் வாசலில் நின்றேன். உள்ளே போகாமலே தெரிந்தது. புதுப் பென் டிரைவ் படத்துக்கு முன்னால் பத்திரமாக இருந்தது. ஆனால் பெட்டியின் முன்பக்கத்தில் யாரோ மெமரி கார்டு போட்ட சின்னக் கார்டு ரீடர் ஒன்றைச் சொருகி விட்டிருந்தார்கள். சர்வீஸ்காரர் இந்தத் தடவையும் முதலில் பென் டிரைவைத் தேடுகிற மாதிரி வைத்துவிட்டு, மாற்றாமல் போயிருப்பார். ஒரே இழுப்பில் முடிகிற வேலை.

"என்னன்னு தெரியுதுங்க. சரி பண்ணித் தாரேன்" என்றேன். "ஆனா சுச்சை நாந்தான் போடுவேன்."

வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் புள்ள தலையைக் குனிந்துகொண்டாள். முதலாளி அக்காவைப் பார்த்தார். அக்கா விளக்கைப் பார்த்தார்.

"அட, அதுக்கென்ன இப்ப" என்றார் முதலாளி. "நீ இங்கிருந்தே என்னன்னு சொல்லு. அந்தப் புள்ள பண்ணிக்கும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு கொட்டாய்க்குத் திரும்பினேன். எடுத்த முதல் முட்டையே விரலில் நசுங்கிவிட்டது. கழுவிக்கொண்டு வந்து அடுத்ததை எடுத்தேன். எப்படியும் கூப்பிடுவார்கள் என்று காது அந்தப் பக்கமே இருந்தது. ஒரு சுவிட்ச், அவ்வளவுதானே. ஒரு லாரி போயிற்று, இன்னொன்று வந்து நின்றது. யாரும் வரவில்லை. மத்தியானம் தண்ணீர் எடுக்கப் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கறுப்புத் திரைக்கு முன்னால் அந்தப் புள்ள கார்பன் தாளை வைத்து, ஒவ்வொரு பில்லாகக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள்.